மலை ஊரில் பொதுக் கலை: ஊட்டி, குன்னூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர், "நம்ம ஊர்ச் சுவர்களில் அழகாக ஓவியம் வரையலாமே" என்று கிளம்பிவிடுவார். நல்ல யோசனைதான். நகராட்சி அலுவலகத்துக்கும் ஓவியர்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பவன் நான். கவுன்சிலர்கள், கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஓவியர்கள் என்று பல பேர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஊட்டியையும் குன்னூரையும் மனதில் வைத்து எழுதியது. கூடலூர்க்காரர்கள் மழையை மட்டும் இன்னும் கூட்டி வைத்துப் படிக்கவும்.

பொதுக் கலை என்றால் சுவரில் படம் வரைவதுதானே?

அதுவும் சேர்த்திதான். சிற்பம், நீரூற்று, பஸ் ஸ்டாண்டு காத்திருப்புக் கூடத்தில் மாட்டும் பலகைகள், பூங்காப் படிக்கட்டில் பதிக்கும் ஓடுகள் எல்லாமே இதில் வரும். ஊட்டிக்கு இது புதிதும் இல்லை. சேரிங் கிராஸில் நிற்கும் இரும்பு நீரூற்று, 1881இல் ஊட்டியிலேயே இறந்துபோன மதராஸ் கவர்னர் ஆடம் நினைவாக வைத்தது. தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு மே மாதமும் மலர்க் காட்சிக்காகப் பூக்களால் கட்டும் உருவங்களும் பொதுக் கலைதான். சில நாளில் வாடிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் நாலு சுவரில் படம் போட்டால் அது 'திட்டம்' ஆகிவிடாது. எந்த இடம், யார் தேர்ந்தெடுப்பது, பணம் எங்கிருந்து, யார் பராமரிப்பது, படைப்பை எப்போது அகற்றுவது என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருந்தால்தான் திட்டம். கடைசி இரண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

காலியாகக் கிடக்கும் தடுப்புச் சுவரில் வரைய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முதலில் சுவர் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். மலையில் இது லேசான காரியம் இல்லை. கீழே சாலை ஒருவருடையது, சுவர் இன்னொருவருடையது, சுவருக்கு மேலே இருக்கும் மண் மூன்றாமவருடையது என்று இருக்கும்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி வழியாகக் குண்டல்பேட்டை போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 181. அதன் ஓரத்துத் தடுப்புச் சுவர் நகர எல்லைக்குள் இருந்தாலும் நெடுஞ்சாலைத் துறைக்காரர்களைக் கேட்காமல் தொடக்கூடாது. மலை ரயில் பாதையை ஒட்டிய சுவர் என்றால் தெற்கு ரயில்வே. நீலகிரி மலை ரயில் 2005 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால், அங்கே "சும்மா ஒரு ஓவியம்தானே" என்ற பேச்சு எடுபடாது. மிச்சச் சுவர்களில் வனத்துறை, தோட்டக்கலைத் துறை, தனியார் எஸ்டேட் எல்லாம் கலந்து கிடக்கும்.

நான் சொல்லும் வழி இதுதான். நகரமைப்புப் பிரிவில் ஒருவரையும் பொறியியல் பிரிவில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்தே போங்கள். நகராட்சிக்கே உரிய சுவர்களை மட்டும் தனிப் பட்டியல் போடுங்கள். பட்டியல் சின்னதாகத்தான் வரும், பரவாயில்லை. முதல் வருஷம் அதற்குள்ளேயே நில்லுங்கள். மற்ற துறைகளுக்குத் தடையின்மைச் சான்று கேட்டு அனுப்பும் கடிதம் அதன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவில் இருக்கும் சுவர் மட்டும் வேண்டவே வேண்டாம். டிரைவரின் கண் அங்கே சாலையில் இருக்க வேண்டும், ஓவியத்தில் இல்லை.

போன வருஷம் வரைந்தது இந்த வருஷமே உரிந்துவிட்டது. பெயின்டர் ஏமாற்றிவிட்டாரா?

அனேகமாக இல்லை. ஏமாற்றியது தண்ணீர். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சமவெளியில் சுவருக்கு மழை முன்பக்கத்திலிருந்து வரும். மலையில் பின்பக்கத்திலிருந்தும் வரும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருப்பது மண். ஜூனில் ஆரம்பித்து அந்த மண் குடிக்கும் தண்ணீர் மாதக்கணக்கில் சுவர் வழியாகக் கசியும். வரும்போது சிமெண்டில் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். வெளியே வந்து காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். அந்த இடத்தில் பளபளப்பான அக்ரிலிக் பெயின்டைப் பூசி மூடினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளிருந்து தள்ளும். முதலில் சின்னக் கொப்புளம் வரும். விரலால் அமுக்கினால் உள்ளே நீர் இருப்பது தெரியும். அப்புறம் அந்தக் கொப்புளம் உடைந்து, விளிம்பு சுருண்டு, தோல் மாதிரி உரிந்து வரும். உரிந்த தோலின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், நறநறவென்று உப்பு கையில் ஒட்டும். பெயின்ட் கம்பெனியை மாற்றினால் இது தீராது.

தீர்வு மூன்று. ஒன்று, சுவரில் வரிசையாக இருக்கும் நீர் வடியும் துளைகளை, அதாவது பொறியாளர்கள் 'வீப் ஹோல்' என்பதை, எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. "ஓட்டை அசிங்கமாக இருக்கிறது" என்று பட்டி வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓவியம் போவது ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீர் தேங்கிச் சுவரே சரியலாம். துளைகளையும் சேர்த்து வடிவமைப்பது ஓவியரின் சாமர்த்தியம். இரண்டு, மூச்சு விடும் பூச்சு: சுண்ணாம்பு, அல்லது சிலிகேட் வகை மினரல் பெயின்ட். நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், விலையும் கூட. ஆனால் ஈரத்தை வெளியே விடும். மூன்று, எப்போதும் கசிகிற சுவர் என்றால் அதில் வரையவே வேண்டாம். சட்டம் அடித்து, பலகையில் வரைந்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுங்கள்.

சுவர் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு கனமான பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. (நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் பழைய மழைக்கோட்டைக் கிழித்துக்கொள்ளுங்கள்.)

எந்த மாதம் வரையலாம்?

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடிய. அதிலும் பகல் பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள். உறைபனி விழும் காலத்தில் விடியற்காலைச் சுவர் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைக்கும் பெயின்ட் பத்து டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், தொட்டால் மாவாக உதிரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது, குன்னூர், கோத்தகிரி பக்கம் நன்றாகவே பெய்யும். ஏப்ரல், மே சீசன். சாரம் கட்டினால் சாலை அடைத்துக்கொள்ளும், போலீஸ் விடமாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரைய ஏற்ற மாதமும் நிதியாண்டு முடிகிற மாதமும் ஒன்றே. மார்ச் 31க்குள் பில் போட வேண்டும் என்ற அவசரத்தில் ஈரச் சுவரிலேயே பிரைமர் அடித்துவிடுவார்கள். காகித வேலையை ஆகஸ்டிலேயே ஆரம்பித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டெண்டர் விட்டே ஆக வேண்டுமா? ஓவியரை நேரடியாகக் கூப்பிடக் கூடாதா?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். அதனால் நகராட்சிப் பணத்தை எடுத்து, பிடித்த ஓவியருக்குக் கொடுத்துவிட முடியாது. அது நியாயமும்கூட. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறை சாக்கடை கட்டச் சரி. ஓவியத்தைச் சதுர அடிக் கணக்கில் அளந்து எம்.புக்கில், அதாவது முடிந்த வேலையின் அளவைக் குறிக்கும் பதிவேட்டில், ஏற்றினால் என்ன வரும்? நெட்டில் எடுத்த மயில் படம் ஒன்று ஊர் முழுக்க வரும். வரைந்தவர் கூலிக்கு வந்த பெயின்டர், பில் வாங்கியவர் கண்ட்ராக்டர்.

இதைப் பிரித்துச் செய்வதுதான் வழி. சுவரைக் கழுவுவது, பூச்சு சரிசெய்வது, சாரம் கட்டுவது, பிரைமர் அடிப்பது இதெல்லாம் கட்டுமான வேலை. வழக்கமான டெண்டரில் போகட்டும். வடிவமைப்புக்கும் வரைவதற்கும் தனியாக விருப்ப அழைப்பு விடுங்கள். வந்தவர்களில் மூன்று நான்கு பேரைத் தேர்ந்து, மாதிரிப் படம் வரைந்து தரச் சொல்லுங்கள். அந்த மாதிரிப் படத்துக்கும் பணம் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இலவசமாக மாதிரி வாங்கி அதை வேறொருவரிடம் கொடுத்து வரைய வைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இரண்டு உறை முறையில் முதலில் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டு, தேறியவர்களின் விலையை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். எந்த முறையானாலும் கோப்பு தணிக்கைக்குப் போகும் என்பதை நினைவில் வைத்து, மதிப்பெண் போட்டவர்கள் காரணத்தையும் இரண்டு வரி எழுதி வைக்கட்டும்.

தேர்வுக் குழுவில் யார் யார் இருக்கலாம்?

ஓவியம் தெரிந்தவர் இரண்டு பேர் (சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி மாதிரி இடத்தில் படித்த, வெளியூர்க்காரர் ஒருவராவது), நகராட்சிப் பொறியாளர், அந்த வார்டில் குடியிருக்கும் ஒருவர், அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர். கவுன்சிலர் இருக்கலாம், தலைமை தாங்க வேண்டாம். போட்டியில் இருக்கும் ஓவியரின் சொந்தக்காரர் யாரும் கூடாது. சின்ன ஊரில் இது கஷ்டம்தான், இருந்தாலும் கூடாது.

எவ்வளவு பணம் ஒதுக்குவது?

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 1959இல் ஒரு விதி கொண்டுவந்தது. பொதுக் கட்டடம் கட்டும் செலவில் ஒரு சதவீதம் கலைக்கு. பிறகு பல நகரங்கள் அதைப் பின்பற்றின. நம் ஊர் நகர்மன்றமும் புதுப் பூங்கா, சந்தை, பஸ் நிலையம் கட்டும்போது மதிப்பீட்டிலேயே ஒரு சின்னப் பங்கைக் கலைக்கென்று சேர்த்துத் தீர்மானம் போடலாம். பின்னால் தனியாகக் கேட்டால் "தண்ணீருக்கே பணம் இல்லை, படத்துக்கா?" என்பார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

தொகையை விடப் பிரிப்புதான் முக்கியம். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு சுவரைத் தயார்செய்யவே போய்விடும். நூற்றுக்குப் பதினைந்தாவது பராமரிப்புக்கென்று எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் வேலையை ஆரம்பியுங்கள். ஓவியருக்கு மலையில் தங்கும் செலவும் சேரும். அதைத் தனியாகக் காட்டாவிட்டால் அவர் பெயின்டில் கை வைப்பார்.

கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் வாங்கலாமா?

வாங்கலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, மரபுக் கைவினை எல்லாம் இருக்கின்றன. ஒரே நிபந்தனை வையுங்கள்: கம்பெனி பெயர் ஓவியத்துக்குள் வரக்கூடாது, பக்கத்தில் ஓவியரின் பெயர் இருக்கும் பலகையில் அதே அளவு எழுத்தில் வரலாம். லோகோ சுவரில் ஏறிய அன்றைக்கே அது விளம்பரம். அப்புறம் விளம்பர உரிமம், கட்டணம் என்று இன்னொரு கோப்பு திறக்கும்.

தோடர் எம்பிராய்டரி, குறும்பர் ஓவியம் எல்லாம் நம் மண்ணின் கலை. அதைச் சுவரெல்லாம் வரையலாமே?

'நம்' என்ற சொல்லில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. அவர்கள் கலையை வரைய வேண்டும் என்றால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும், அவர்களே வரைய வேண்டும், அதற்கான கூலி அவர்களுக்கே போக வேண்டும். நகரத்து ஓவியர் ஒருவர் போனில் படம் பார்த்து வரைந்துவிட்டு, பலகையில் 'பழங்குடிக் கலை' என்று எழுதுவது சரியில்லை.

வேலைத் தரத்துக்காகவும் இதைச் சொல்கிறேன். தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் துணியில் கோடு போட்டு வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. நூல் இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். ஊசி உள்ளே போகும்போது விடுகிற சின்னச் சுருளால் பின்பக்கம் மேடு தட்டும். அந்த மேடான பக்கத்தைத்தான் அவர்கள் நல்ல பக்கமாக வெளியே காட்டுகிறார்கள். இதைத் தூரிகையால் 'ஃப்ரீஹேண்டாக' வரைந்தால் முக்கோணம் முக்கோணமாக ஏதோ ஒன்று வரும், அது தோடர் வேலை ஆகாது. எண்ணிக்கையில் நிற்கும் கலையை எண்ணிக்கை தாங்கும் பொருளுக்குத்தான் மாற்ற முடியும்: சின்னச் சின்னச் சதுர ஓடு, கம்பி வலைத் தடுப்பு, படிக்கட்டுப் பதிப்பு. தைக்கும் அம்மாக்களை உட்கார வைத்து, அவர்கள் எண்ணிச் சொல்ல, கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டு, பிறகு ஓடு பதிக்க வேண்டும். அவர்கள் "இது இறந்தவருக்குப் போர்த்தும் போர்வைக்கு உரியது, படிக்கட்டில் வேண்டாம்" என்று ஒன்றை ஒதுக்கினால், மறுபேச்சு இல்லாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

குறும்பர் ஓவியம் வேறு கதை. செம்மண், வெள்ளை மண், கரி, இலைச்சாறு, வேங்கை மரப் பிசின் என்று நிறம் எல்லாம் காட்டிலிருந்தே வருகிறது. கோத்தகிரிப் பக்கத்துப் பாறைகளில் இருக்கும் பழைய ஓவியங்களோடு அவர்கள் இதைச் சேர்த்தே பேசுவார்கள். இலைப்பச்சை வெயிலில் நிற்காது. அதனால் இதை மழையும் வெயிலும் படுகிற சுவருக்குக் கொண்டுவராமல் நூலகம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், பஸ் ஸ்டாண்டு உள்சுவர் மாதிரி இடங்களுக்குக் கேளுங்கள். வெளியே நிற்க வேண்டும் என்பதற்காக "அக்ரிலிக்கில் வரைந்து தாருங்கள்" என்று கேட்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

எங்கள் தலைவருக்கு ஒரு சிலை வைக்கலாமா?

சாலையிலும் நடைபாதையிலும் முடியாது. பொது வழிகளில் சிலை வைக்க மாநிலங்கள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எந்தத் தலைவர் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

சிற்பம் வைக்க வேறு என்ன அனுமதி வேண்டும்?

சரிவில் அஸ்திவாரம் போட மண் வெட்ட வேண்டி வந்தால் கவனம். நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பெரிய பீடம் கட்டுவதை விட, ஏற்கெனவே சமதளமாக இருக்கும் இடத்தில் வைப்பதே நல்லது. இரவில் காட்டுமாடு நடக்கும் தடத்தில் வேண்டாம். காட்டை ஒட்டிய இடத்தில் ஃபோகஸ் விளக்கும் வேண்டாம்.

பொருள் விஷயத்தில் கூடலூர்ப் பக்கத்தைப் பாருங்கள். காட்டை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியை வெட்டி, அதன் தண்டைக் கொதிக்க வைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டி, முழு அளவு யானைகளைச் செய்தார்கள் அங்கே உள்ள பழங்குடிக் கைவினைஞர்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் அதில் உண்டு. அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024இல் நூறு யானைகளாக அமெரிக்காவுக்குப் போயின. உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கை, காட்டுக்கும் லாபம். லண்டன் பார்த்ததை ஊட்டி பஸ் ஸ்டாண்டிலும் ஒரு குட்டி யானையாகப் பார்க்க எனக்கு ஆசை. கூரைக்குக் கீழே வைத்தால் பல வருஷம் தாங்கும்.

பெரிய எழுத்தில் 'ஐ லவ் ஊட்டி' செல்ஃபி பாயின்ட் வைக்கலாமே? கூட்டம் வரும்.

கூட்டம் வரவில்லை என்று இங்கே யாரும் அழவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் 2024 மே முதல் இ-பாஸ் (வண்டிகள் முன்கூட்டியே வாங்கும் நுழைவு அனுமதி) நடைமுறையே இருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கத் தூண்டும் எதையும் குறுகிய சாலையோரத்தில் வைக்காதீர்கள். நடந்து போகிறவர்கள் பார்க்கும் இடத்தில் வையுங்கள்: சந்தைக்குள் போகும் வழி, படிக்கட்டுப் பாதைகள், பள்ளிக்கூடச் சுவர். இங்கே தினமும் நடப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். திட்டம் அவர்களுக்குத்தான்.

கல்லூரி மாணவர்கள் இலவசமாக வரைந்து தருகிறோம் என்கிறார்கள்.

பெயின்ட், டீ, சாப்பாடு, சாரத்துக்குப் பாதுகாப்பு, கையில் ஒரு தொகை. இவ்வளவும் கொடுக்க முடிந்தால் கூப்பிடுங்கள். ஆளுயரத்துக்கு மேலே மாணவர்களை ஏற்றாதீர்கள்.

போஸ்டர் ஒட்டிவிடுகிறார்களே?

பொது இடங்களைச் சீர்குலைப்பதற்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 1959 முதலே இருக்கிறது, புகார் கொடுக்கலாம். நடைமுறையில், தேர்தல் நேரத்தில் புகாரைத் தேடி எடுக்கவே ஆள் இருக்காது. பக்கத்திலேயே போஸ்டருக்கென்று ஒரு பலகை வைத்துக் கொடுத்தால் பாதி குறையும். ஓவியத்தில் அந்தத் தெருவாசி ஒருவரின் முகம் இருந்தால் இன்னும் குறையும், கேட்டுத்தான் வரைய வேண்டும்.

நகராட்சி பணம் கொடுத்த ஓவியம். வேண்டாம் என்றால் வெள்ளையடித்துவிடலாம்தானே?

அவசரப்பட வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. பதிப்புரிமையை விற்ற பிறகும் அது அவரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கேட்காமல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். வழக்கு நடந்து, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த ஓவியம் இத்தனை வருஷத்துக்கு, அதற்குப் பிறகு நகராட்சி எடுக்கலாம், எடுக்கும் முன் ஓவியருக்கு எழுத்தில் தகவல் தரப்படும், அவர் வந்து படம் எடுத்துக்கொள்ளலாம், பாதி அழித்துவிட்டு மிச்சத்தை விடமாட்டோம், வேறொருவரைக் கொண்டு திருத்தமாட்டோம். ஈரச் சுவருக்கு ஐந்து வருஷம் என்று போடுவதே நேர்மை. இன்னொன்று: பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடச் சட்டத்தில் வெளிப்படையான விலக்கு உண்டு. சுவர் ஓவியத்தைக் காலண்டரில் அச்சடிக்க அப்படிச் சொல்லவில்லை. லாட்ஜ்காரர்கள் கேட்டால், ஓவியரிடம் கேட்கச் சொல்லுங்கள், நகராட்சிக்கு என்ன உரிமை என்பதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக்குங்கள்.

ஓவியம் பிடிக்கவில்லை என்று ஒரு தரப்பார் வந்து நின்றால்?

உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். பத்து பேர் கத்தியதும் அன்று மாலையே அழிப்பது, யார் சொன்னாலும் அசையாமல் இருப்பது இரண்டுமே தப்பு. தேர்வுக் குழுவே கூடி, வந்தவர்களையும் ஓவியரையும் கேட்டு, முடிவை நோட்டீஸ் பலகையில் போட வேண்டும். மாதிரிப் படத்தை வரைவதற்கு முன்பே அந்தத் தெரு டீக்கடையில் இரண்டு வாரம் ஒட்டி வைத்திருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும்.

பராமரிப்பு என்றால் என்ன செய்ய வேண்டும்?

மழை முடிந்ததும் ஒரு சுற்று. துளைகளில் அடைத்த மண்ணைக் குச்சியால் குத்தி எடுப்பது, பாசியை மென்மையான பிரஷ்ஷால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது (ஹை பிரஷர் பைப் கூடாது), சுவர் உச்சியில் முளைத்த செடியை வேர் ஆழமாவதற்குள் பிடுங்குவது. சிற்பம் என்றால் துரு, நட்டு, போல்ட்டு.

இதற்கு ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பக்கம்: இடம், சுவர் யாருடையது, ஓவியர் பெயர், ஃபோன் எண், எந்தப் பெயின்ட், எந்த நிறத்துக்கு என்ன எண், வரைந்து முடித்த தேதி, ஒப்பந்தக் கெடு, ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் நின்று எடுத்த ஒரு படம். ஆணையர் மாறுவார், பொறியாளர் மாறுவார், கவுன்சிலர் மாறுவார். பதிவேடு கணினியில் ஒன்றும், அலுவலகப் பீரோவில் அச்சில் ஒன்றும் இருக்கட்டும். பீரோச் சாவி யாரிடம் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.